பேர் வெட்டிய பாத்திரம்

சதுரத் தகட்டில் வட்டம் வெட்டினால் நாலு மூலை மிஞ்சும். எவர்சில்வரில் பாத்திரம் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அந்த நாலு மூலையை என்ன செய்வது என்று மனிதன் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறான். செவ்வாய்க் கிரகத்தில் ஆள் குடியேறி, அங்கே ஒரு மாரியம்மன் கோயிலும் கட்டிக் கும்பாபிஷேகம் முடிந்துவிட்ட காலத்திலும், சூலூரை அடுத்த தெய்வா எவர்சில்வர் கம்பெனியின் பின்கட்டில் அந்த மூலைகள் குவிந்துதான் கிடந்தன. அள்ள ஆள், ஏற்ற லாரி, உருக்க மின்சாரம் என்று பாத்திரமாகாத தகடு தின்ற செலவு, பாத்திரமான தகட்டின் செலவை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்தச் சேதாரத்தைக் குறைக்கும் பொறுப்பை முதலாளி தெய்வசிகாமணி இரண்டு பேரிடம் கொடுத்தார். இரண்டு பேரும் வடிவமைப்புப் பொறியாளர்கள். இரண்டு பேரும் கெட்டிக்காரிகள். இரண்டு பேரும் ஒரே குடும்பம் என்பதுதான் இதிலிருந்த வம்பு. திலகமணியின் கணவன் கார்வேந்தனுக்கு உடன்பிறந்த அக்காள் பூங்கோதை. கணவனின் அக்காளைக் கொங்கு நாட்டில் நங்கை என்பார்கள். வீட்டில் அப்படிக் கூப்பிட்டுப் பழகிய திலகமணிக்குக் கம்பெனிக் கூட்டத்தில் எவ்வளவு முயன்றும் மேடம் என்று வாயில் வராது. நங்கையும் தம்பி மனைவியும் மல்லுக்கு நின்றால் கம்பெனிக்கு லாபம் என்று முதலாளி கணக்குப் போட்டிருந்தால், அந்த மனுஷன் ஆளைப் படித்தவர்தான்.

முதல் கூட்டத்தில் திலகமணி தன் யோசனையைச் சொன்னாள்.

"தகட்டை வெட்டவே வேண்டாமுங்க. எடுத்த எடுப்புலயே வட்டமா வார்த்துக்கலாம். நான் கலந்து பண்ணின இந்தப் புது உலோகம் உலைச் சூடு காட்டினா மாவாட்டம் எளகும். ஒரு உருவத்துல புடிச்சு வெச்சு அதிர்வு மேடையில உலுக்கினா, அந்த உருவத்தை ஞாபகம் வெச்சுக்கும். ஜனங்களுக்குப் பாத்திரம் சலிச்சுப் போச்சுன்னா நம்மகிட்டக் கொண்டாந்து குடுப்பாங்க. நாம தட்டையாக்கி வேற பாத்திரம் பண்ணிக் குடுப்போம். உருக்கற வேலையே இல்லீங்க. ஒரே தகடு குடமாகும், வாளியாகும், டபராவாகும்."

"திரும்பி வந்தா," என்றார் தெய்வசிகாமணி.

"வருமுங்க."

பூங்கோதையின் வழி வேறு. திரும்பி வரும் என்று காத்திருப்பதைவிட, போகிறதைக் குறைவாகப் போடலாம் என்பது அவளுடைய கட்சி. தகட்டை வெங்காயத் தோல்போல மெலிதாக்குவாள். வட்டங்களைத் தேன்கூட்டு அறைகள்போல நெருக்கி வெட்டி மூலைகளைச் சுருக்குவாள். பலத்துக்குப் பாத்திரத்தின் உடம்பில் வரிவரியாக மடிப்பு வைப்பாள். அதற்கு இறகு என்று பெயரும் வைத்துவிட்டாள். திலகமணி தன்னுடையதற்கு மீளி என்று வைத்தாள். ஒன்று தாங்கி நிற்க வேண்டும், இன்னொன்று திரும்பி வர வேண்டும், எது ஜெயிக்கிறதோ அதுதான் பொங்கலுக்கு அப்புறம் இங்கே ஓடும், மற்றதை மூடிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மூடுவது என்று அவர் சுலபமாகச் சொன்னது ஒரு கூடத்தை. பழைய பாத்திரத்தைத் தட்டையாக்கி மறுபடி உருவாக்கும் மீள்கூடத்துக்குத் திலகமணி ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து ஆள் சேர்த்திருந்தாள். எல்லோரும் பெண்கள். பக்கத்தில் ஒரு நூல் மில் படுத்துவிட்டபோது வேலை இழந்து நின்றவர்கள். "இது நிக்குமுங்களா?" என்று அவர்கள் கேட்டபோது, "நான் இருக்கேன், நிக்கும்," என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கூடம் மூடினால் அந்த முகங்களை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவளுடைய பயம்.

மீளியைச் சோதித்துப் பார்க்க அன்னூர் ரோட்டில் செம்பருத்தி நகர் என்ற புதுக் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்கு வீடு பாத்திரம் கொடுத்தார்கள். காசு வேண்டாம். சலித்ததைக் கொண்டுவந்து கொடுத்தால் கேட்ட உருவத்தில் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான் நிபந்தனை. ஓசியில் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? வாங்கிக்கொண்டார்கள். வாங்கியதோடு சரி.

ஆடி போய் ஆவணி வந்தது. மீள்கூடத்தில் மேடைகளைத் துடைத்துத் துடைத்து அவை கண்ணாடியாகிவிட்டன. பாத்திரம் ஒன்றுகூட வரவில்லை. திலகமணி மொபெட்டை எடுத்துக்கொண்டு செம்பருத்தி நகருக்கே போய் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மீளியைப் பற்றி யாருக்கும் குறையில்லை. தண்ணீர் குளுகுளுவென்று இருக்கிறதாம், சாதம் அடிப்பிடிப்பதில்லையாம். ரங்கநாயகி என்ற அம்மாள் காபியே கொடுத்து உபசரித்தாள். அந்த டம்ளரைக் கையில் வாங்கியபோதுதான் திலகமணிக்கு விஷயம் விளங்கியது. டம்ளரின் விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, அந்த அம்மாளின் பெயர்.

"பேரு வெட்டிட்டீங்களா?"

"வெட்டாம இருப்பாங்களா?" என்றாள் ரங்கநாயகி. "கடையில வாங்கினா அவங்களே வெட்டிக் குடுப்பாங்க. உங்க கம்பெனியில மொட்டையாக் குடுத்துட்டீங்க. அப்பறம் தெருத்தெருவா வந்து பேரு வெட்டற கனகுவக் கூப்புட்டுத்தான் எல்லாரும் வெட்டிக்கிட்டோம்."

"சரிங்க, இதைக் குடுத்துட்டு வேற மாத்திக்கலாமில்லீங்களா?"

"பேரு வெட்டின பாத்திரத்தை யாருங்க திருப்பிக் குடுப்பாங்க?"

திலகமணி தன் வீட்டை நினைத்துக்கொண்டாள். அவள் வீட்டுப் பரணிலும் கல்யாணத்துக்கு வந்த அண்டா ஒன்று பெரிய மாமன் பெயரோடு உட்கார்ந்திருந்தது. இருபது பக்க ஆய்வறிக்கையில் உலோகத்தின் சோர்வு, உப்பின் அரிப்பு, புளியின் கடுப்பு என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். சோதனைக்கூடத்துப் பாத்திரங்களில் ஒட்டியிருந்தது எண் எழுதிய சீட்டு. தமிழச்சி கையில் புதுப் பாத்திரம் கிடைத்தால் அவள் முதலில் செய்கிற காரியம் என்ன என்பதை, தானும் ஒரு தமிழச்சியாக இருந்துகொண்டு, அவள் யோசிக்கவே இல்லை.

அந்த வாரமே இன்னொரு குத்து. அவளுடைய பிறந்தநாளுக்குப் பூங்கோதை ஒரு பரிசு கொண்டுவந்தாள். கம்பெனியில் ஊழியர்களுக்குச் சாப்பாடு கொண்டுவரக் கொடுத்த மீளித் தூக்குப்போசி. அதில் 'அன்புடன் நங்கை பூங்கோதை' என்று பேர் வெட்டியிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில், "உன்ற பாத்திரத்துல என்ற பேரு. இனி இது எங்கயும் திரும்பிப் போகாது அம்முணி," என்று பூங்கோதை சிரித்தாள். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் வெந்த புண்ணில் வேல் பாய்ந்தால் அது வேடிக்கை வேலா நிஜ வேலா என்று யார் பார்ப்பார்கள்? திலகமணி முகம் சுருங்கிவிட்டது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கார்வேந்தன்பாடு திண்டாட்டம். "உங்க அக்காகிட்டச் சொல்லுங்க," "உன்ற பொண்டாட்டிகிட்டச் சொல்லு" என்று எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற இரண்டு பேருக்கு நடுவில் அவன் தபால்காரனானான்.

வேறு வழி தெரியாமல் திலகமணி செம்பருத்தி நகரில் ஒரு பாத்திரத் திருவிழா வைத்தாள். பந்தல், ஒலிபெருக்கி, வந்தவர்களுக்கெல்லாம் ஜிலேபி. நடுவில் தட்டையாக்கும் இயந்திரம். கூட்டம் வந்தது, ஜிலேபி தின்றது, பாத்திரத்தை மட்டும் முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டது. யாராவது ஒருத்தர் தொடங்கி வைக்க வேண்டும். மீள்கூடத்துப் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு அவளையே பார்த்தார்கள். திலகமணி சட்டென்று தன் பையிலிருந்து நங்கை கொடுத்த தூக்குப்போசியை எடுத்தாள். இயந்திரத்தில் போட்டாள். 'அன்புடன் நங்கை' தட்டையாகி, மெருகேறி, பளபளவென்று வெறும் வட்டமாக வெளியே வந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். அவளுக்கு நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது, மறுகணம் உறுத்தியது. உறுத்தலைப் பார்க்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

ஏனென்றால் கூட்டத்துக்கு வழி புரிந்துவிட்டது. ரங்கநாயகி வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சொம்பைக் கொண்டுவந்தாள். அது மீளி வந்த புதிதில் அவளுடைய ஓரகத்தி தமயந்தி தன் பேர் வெட்டிச் சீராகக் கொடுத்தது. இருவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. "இதைப் போடுங்க. இது போனா எனக்குச் சந்தோசம்," என்றாள். அப்புறம் பார்க்க வேண்டுமே. சண்டை போட்ட சம்பந்தி, கடன் கேட்டுக் கசந்த மைத்துனன், கல்யாணத்துக்கு வராத அத்தை என்று அந்த நகரில் யார் யாரோடு மனஸ்தாபமோ அத்தனை பெயரும் வரிசையில் வந்து இயந்திரத்தில் ஏறின. மீள்கூடம் இரவு பகலாக ஓடியது. வந்த வட்டமெல்லாம் பந்தி வாளியாகவும் கரண்டியாகவும் தாம்பாளமாகவும் மாறியது. ஐந்தாறு ஊருக்கு விருந்து வைக்கலாம் போலிருந்தது. திலகமணி முதலாளிக்குச் செய்தி அனுப்பினாள்: திரும்பி வருகிறது.

விருந்தும் தானாக வந்தது. செம்பருத்தி நகர் விநாயகர் கோயில் மண்டல பூஜை அன்னதானத்துக்குப் பாத்திரம் எல்லாம் தெய்வா எவர்சில்வர் உபயம் என்று ஏற்பாடாயிற்று. முதலாளி வெள்ளை வேட்டியில் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் பூங்கோதை. ரங்கநாயகியும் தமயந்தியும் ஒரே வரிசையில், நடுவில் நாலு ஆள் தள்ளி. பருப்பு, நெய், பொரியல் எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. கார்வேந்தன் ரச வாளியைத் தூக்கினான். அடுப்பிலிருந்து அப்போதுதான் ஊற்றிய ரசம், தளதளவென்று கொதித்தது.

முதலாளி இலைக்கு அவன் வந்தபோது வாளி அவன் கையில் ஒருமுறை சிலிர்த்தது. அவன் குனிந்து பார்ப்பதற்குள் வாய் குறுகியது, வயிறு உள்ளே போயிற்று, அடி ஒடுங்கியது. கொள்ளாத ரசம் முதலாளியின் இலையிலும், இலையைத் தாண்டி வேட்டியிலும் இறங்கியது. நல்லவேளை, பெரிய மனிதர் சட்டென்று எழுந்துவிட்டார். கார்வேந்தன் கையில் இப்போது ரச வாளி இல்லை, தூக்குப்போசி இருந்தது. மெருகு போட்டு அழித்த எழுத்தெல்லாம் அதன் உடம்பில் புடைத்துக்கொண்டு நின்றது. முன்பு பள்ளமாக இருந்த புள்ளிகள் இப்போது மேடாக, எட்ட இருந்தே படிக்கிற மாதிரி: அன்புடன் நங்கை பூங்கோதை.

பூங்கோதை படித்தாள். படித்துவிட்டுத் திலகமணியைப் பார்த்தாள். தன் பரிசு எப்படி ரச வாளி ஆயிற்று என்று அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. திலகமணிக்குப் பூமி பிளந்தால் தேவலாம் என்றிருந்தது.

அதற்குள் அடுத்த வரிசையில் சாம்பார் வாளி சொம்பானது. சுடச்சுடப் பாயசக் கிண்ணங்கள் அடுக்கி வந்த தாம்பாளம் எழுந்து உட்கார்ந்து உயரமான குத்துப்போணியானது. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயரும் ஒரு சண்டை. யார் யாருடைய சீரை யார் கழித்துக் கட்டினார்கள் என்பது ஊரறிய, பந்தியறிய, பிள்ளையாரறிய வெளிச்சமாயிற்று. தமயந்தி தன் பெயரிட்ட சொம்பைக் கையில் எடுத்து, நாலு ஆள் தள்ளியிருந்த ரங்கநாயகியிடம், "எம்பேரை அழிக்கறதுக்கு நெம்ப மெனக்கெட்டிருக்கற போல," என்றாள். ரங்கநாயகி எதையோ சொல்ல வாயெடுத்து, முடியாமல் சிரித்துவிட்டாள். தமயந்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அன்னதானத்தில் பாதிப் பேருக்கு ரசம் கிடைக்கவில்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

முதலாளி ஒருத்தர்தான் சிரிக்கவில்லை. அவர் கத்துகிற மனிதரல்ல. ஈர வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திலகமணியிடம் வந்தார். "சூடா எதை ஊத்தினாலும் பழைய உருவத்துக்கே போகுதுன்னா, இதை நான் எப்புடிக் கண்ணு விக்கறது? பொங்கலோட கூடத்தை மூடிரலாம்," என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். மீள்கூடத்துப் பெண்கள் பரிமாறிக்கொண்டிருந்த கையோடு நின்றார்கள். அவர்களுக்குக் கேட்டுவிட்டது.

பூங்கோதையைத் தேடித் திலகமணி கோயிலின் பின்பக்கம் போனாள். குழாயடியில் பூங்கோதை அந்தத் தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் நேரே பேசாதவளின் பக்கத்தில் திலகமணி போய் நின்றாள்.

"கோவத்துல போட்டுட்டனுங்க நங்கை. தப்புதானுங்க."

"தப்புதான்," என்றாள் பூங்கோதை. "எனக்கு வருத்தமில்லைன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கு எல்லார் முன்னாலயும் உன்னைக் கிண்டல் பண்ணினதும் தப்புதான். அது கெடக்கட்டும், இங்க வா." அவள் போசியைத் திருப்பிக் காட்டினாள். குரலில் வருத்தம் இல்லை, வேறென்னவோ இருந்தது. "இதை வாளியாப் புடிச்சு வெச்சது எது?"

"அதிர்வு மேடைங்க."

"எவ்வளவு பெரிய மேடை, எத்தனை டன் அழுத்தம், எத்தனை டை அச்சு. அத்தனையும் கூடிச் சொன்னது ஒரு குண்டா ரசத்துக்குத் தாங்கலை. கனகு மொபெட்டுல வெச்சுக்கிட்டுச் சுத்தற ஊசி சொன்னது மட்டும் எப்புடி நின்னுது?"

திலகமணி போசியைக் கையில் வாங்கினாள். புடைத்து நின்ற புள்ளிகளை விரலால் தடவினாள். அவள் மூளையில் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

"மேடையில நாம மொத்தமா உலுக்கறமுங்க. ஊசியும் அதிர்வுதான், ஆனா ஒவ்வொரு புள்ளியா உள்ள போயிச் சொல்லுது. அதுதான் ஆழமாப் பதியுது." போசியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அப்படின்னா மேடையே வேண்டாமுங்களா?"

"டையும் வேண்டாம்," என்றாள் பூங்கோதை. இறகுத் தகட்டைக் கிழித்துக் கிழித்துப் போட்ட டைகளோடு அவள் பட்ட பாட்டைக் கம்பெனியே அறியும். ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு டை, ஒவ்வொரு டைக்கும் ஒரு சொத்து விலை. "எளக்கின தகட்டை வீட்டுல இருக்கற எந்தப் பாத்திரத்து மேலயாவது கவுத்துப் புடிச்சு, பேரை வெட்டிட்டாப் போதுமா? அது அப்படியே நின்னுக்குமா? ஏ அம்முணி, சும்மா நிக்காத, கனகுக்கு போனைப் போடு."

கனகு மீள்கூடத்துக்கு வந்தபோது அடிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றான். ஊரெல்லாம் பேர் வெட்டியவன் அவன்தானே. பூங்கோதை அதற்குள் மீளித் தகடு ஒன்றைத் தன் உருளை இயந்திரத்தில் விட்டு இறகு அளவுக்கு மெலிதாக்கி வைத்திருந்தாள். அச்சுக்குப் பாத்திரம் தேடப் பொறுமை இல்லாமல் கனகுவின் தலைக்கவசத்தையே கழற்றி வாங்கி, அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, இளகிய தகட்டைக் கவிழ்த்து அமுக்கினார்கள். மீள்கூடத்துப் பெண்கள் சுற்றி நின்று பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன பேருங்க வெட்டறது?" என்றான் கனகு.

"திலகமணின்னு வெட்டு," என்றாள் பூங்கோதை.

ஊசி டிர்ரென்று ஓடியது. எழுத்து முடிந்ததும் தகட்டை எடுத்தார்கள். கொதிநீரில் போட்டார்கள், அசையவில்லை. தட்டையாக்கி, மெருகு போட்டு, மறுபடி கொதிநீரில் போட்டார்கள். வட்டம் ஒருமுறை சிலிர்த்து, தலைக்கவசத்தின் உருவில் ஒரு வாணலியாக எழுந்து உட்கார்ந்தது. புள்ளிகள் பதிந்த இடமெல்லாம் தகடு இறுகி, மெலிதான உடம்பே கல்லுப்போல நின்றது. பூங்கோதை வைக்க நினைத்த மடிப்புகளுக்கும் இனி வேலை இல்லை. அவள் சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினாள். திலகமணி ஓடிப்போய் நங்கையைக் கட்டிக்கொண்டாள். அன்று அந்த வாணலியில் கேசரி கிண்டி, கனகு உட்பட எல்லோரும் தின்றார்கள்.

முதலாளி கேசரிக்கு மசியவில்லை. அவர் வாணலியைத் தட்டிப் பார்த்தார், கொதிக்க வைத்துப் பார்த்தார், மாடிப்படியிலிருந்து உருட்டியும் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "வெட்டற வேலை இல்ல, டை இல்ல, மேடை இல்ல. பாத்திரத்தை அவங்க தெருவுலயே பண்ணிக்குவாங்க. மாத்தோணும்னாலும் அங்கயே மாத்திக்குவாங்க. அப்ப நம்ம கம்பெனி என்னத்தைத்தான் பண்ணும்?"

"வட்டம் பண்ணுமுங்க," என்றாள் திலகமணி.

"இத்தனை வருசமா நாலு மூலையைக் கட்டிக்கிட்டு அழுதேன்," என்றார் அவர். "இப்ப வட்டம் மட்டும் போதும்ங்கறீங்க." அந்த வேட்டி கெட்ட நாளுக்கு அப்புறம் முதல்முறையாகச் சிரித்தார். கூடத்தை மூடுகிற பேச்சு அத்தோடு போயிற்று. வட்டத்துக்கு மீளி என்பதா இறகு என்பதா என்று மட்டும் நங்கைக்கும் தம்பி மனைவிக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் மீளியே நின்றது.

எல்லாம் இனிப்பாகவே முடிந்துவிட்டது என்று சொன்னால் பொய். டை அடிக்கிற பட்டறையில் மேஸ்திரி பழனியாண்டியும் ஆட்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நியாயந்தானே. ஒரு ஊசி வந்து அவர்கள் தொழிலைக் குத்திவிட்டது. பூங்கோதை நேரே போய் உட்கார்ந்து பேசினாள். ஊருக்கெல்லாம் ஊசி வேண்டும், அதை இந்தக் கையைவிட நன்றாக யார் செய்வார்கள் என்று கேட்டாள். பாதிப் பேர் சம்மதித்தார்கள். பழனியாண்டி சம்மதிக்கவில்லை. கணபதியில் தனியாக லேத் பட்டறை போட்டு, இன்றைக்கும் இரண்டு பெண்களையும் திட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் பட்டறையில் சாப்பாட்டுத் தட்டு மீளிதான்.

இன்னொரு சங்கடமும் வந்தது. மீனலோசனி என்று ஒரு பெண் மீள்கூடத்துக்கு ஒரு இட்லிப் பானையைக் கொண்டுவந்தாள். அதில் அவளை விட்டுப் போன கணவனின் பெயர். தினமும் காலையில் இட்லி ஊற்றும்போது சூட்டில் அந்தப் பெயர் புடைத்துக்கொண்டு வருகிறது, தேய்த்தால் போகிறது, மறுநாள் மறுபடி வருகிறது, இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்றாள். திலகமணி என்னென்னவோ செய்து பார்த்தாள். ஆழமாகப் பதிந்தது அழியவில்லை. ஜனங்களின் சந்தோஷத்தை மட்டுமே நினைத்து இதை வீட்டுக்கு வீடு அனுப்பினோமே, வேண்டாத ஞாபகத்தையும் சேர்த்தல்லவா அனுப்பியிருக்கிறோம் என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. பானையை நங்கையிடம் காட்டினாள். இரண்டு பேரும் ஒரு வாரம் அதையே கட்டிக்கொண்டு கிடந்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். அழிக்கத்தான் முடியாது. அதே இடத்தில் வேறு பெயரை வெட்டினால், உலோகம் கடைசியாகக் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு முந்தியதை விட்டுவிடுகிறது.

"என்ன பேரு வெட்டட்டுமுங்க?" என்று திலகமணி கேட்டாள். மீனலோசனி அப்பா பெயரைச் சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். மகன் பெயரைச் சொல்லத் தொடங்கி நிறுத்தினாள்.

"எம்பேரே வெட்டுங்க," என்றாள். பிறகு, "இதுவரைக்கும் எதுலயும் வெட்டினதில்ல," என்றாள்.

திலகமணி தானே ஊசியைப் பிடித்து வெட்டினாள். கை பழகாததால் எழுத்து கொஞ்சம் சாய்ந்தது. மீனலோசனிக்கு அது குறையாகவே படவில்லை.

பொங்கல் வந்தது. புதுப் பானைக்கு ஊரெல்லாம் வட்டம் கேட்டார்கள். கனகு ஒருத்தனால் எத்தனை தெருவுக்குப் போக முடியும்? அவனே வந்து மீள்கூடத்துப் பெண்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். முதலில் ஒருத்தி போனாள், அவினாசிக்கு. போனவள் அங்கேயே ஒரு கடை பிடித்துக்கொண்டாள். அடுத்தவள் அன்னூருக்கு, அதற்கடுத்தவள் காரமடைக்கு. பூ பொறித்துக் கொடுப்பவள் ஒருத்தி, மயில் பொறித்துக் கொடுப்பவள் ஒருத்தி என்று ஆளாளுக்கு ஒரு பாணியும் பெயரும் உண்டாயிற்று. திரும்பி வரும் என்று திலகமணி வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த பாத்திரங்கள் கம்பெனிக்குத் திரும்பவே இல்லை. அவை தெருவிலேயே மாறின, தெருவிலேயே இருந்தன.

தை கடைசியில் முதலாளி வெளியூரிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகளுக்கு மீள்கூடத்தைக் காட்டக் கூட்டிவந்தார். கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் பூங்கோதை மொபெட்டில் உட்கார்ந்திருந்தாள், திலகமணி ஊசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு பூட்டினது? நாந்தான் மூட வேண்டாம்னு சொல்லிட்டேனே கண்ணு."

"நாந்தானுங்க பூட்டினேன்," என்றாள் திலகமணி. "உள்ள ஒருத்தரும் இல்லீங்க. அத்தனை பேரும் ஊருக்குள்ளார இருக்காங்க."

எந்தக் கூடம் மூடிவிடக் கூடாதென்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாளோ, அதைத் தன் கையால் பூட்டிவிட்டு நின்றபோது, அவளுக்கு அடக்க முடியாத சந்தோஷமாக இருந்தது. விருந்தாளிகளுக்கு எதைக் காட்டுவது என்று முதலாளி விழித்தார். கூடவே வாருங்கள், தெருவில் காட்டுகிறோம் என்று பூங்கோதை சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். திலகமணி பின்னால் ஏறிக்கொண்டாள். கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில் வட்டங்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். அன்றைக்கு ஊசி பிடிக்க ஆள் போதவில்லை.